வானூர்தியில் பானம் வழங்குவோர்க்குப் பிரெஞ்சுச் சொற்கள்

பேத்தமங்களாவிலிருந்து ஓர் அம்மையார் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். அவருடைய கணவர் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்கவயலின் ஆயிரக்கணக்கான குடும்பத் தலைவர்களைப் போலவே அவரும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று காவற்பணி பார்த்து வந்தார். மகளைப் பட்டப் படிப்பு வரை படிக்க வைத்தார். அந்தப் பெண் விமானப் பணிக்கு விண்ணப்பம் செய்து, ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு வரை சென்றிருக்கிறாள். விண்ணப்பத்தில், “பிரெஞ்சு மொழி சிறிது தெரியும்” என்று எழுதியிருந்தாளாம். தேர்வாளர் ஒருவர், “பிரெஞ்சுப் பிரயாணி ஒருவரிடம் என்ன பானம் வேண்டும் என்று கேள், பார்க்கலாம்” என்றார். அவளும் கேட்டாள். அறையில் இருந்தோர் நகைத்தனர். பானம் என்ற சொல் அவள் வாயில் மீன் என்று வந்துவிட்டதாம். வீடு திரும்பியவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று தாயார் எழுதுகிறார்.

அடுத்த திங்களில் வேறொரு நிறுவனத்தின் தேர்வு வருகிறதாம். “ஐயா, அந்தச் சொற்களைத் தமிழில் விளங்க எழுதித் தரக் கூடாதா? எங்கள் மாமியார், பிறர்க்கு மது ஊற்றிக் கொடுக்கும் வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம் என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார். இரண்டு கேள்விகளும் நம் வாசகர் பலருக்கும் உரியவையாதலின், இத்திங்கள் இப்பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

பிரெஞ்சு மொழி நமக்கு முற்றும் அந்நியமானதன்று. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. நம் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் சுரங்கங்களுக்கு வருவதற்கு முன்பே, அக்கரையோரத் தமிழர் கப்பலேறிப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலிகளாய்ச் சென்றனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853-இல் மார்த்தினிக் தீவிலும், 1854-இல் குவாதலூப் தீவிலும் இந்தியத் தொழிலாளரை முதன்முதலாக இறக்கியது. ரெயூனியன் தீவிலும் பாரிஸ் மாநகரிலும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பிரெஞ்சு பேசியே வாழ்கின்றன. இக்காலத்தில் பெங்களூருக்கும் பாரிஸுக்கும் இடையே விமானங்கள் நேராகவே பறக்கின்றன. அவற்றில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவர் பிரான்சு நாட்டார் மட்டுமல்லர். பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, கனடாவின் கெபெக் மாகாணம், செனெகல் முதலிய நாடுகளைச் சேர்ந்தோரும் பிரெஞ்சிலேயே கேட்பர்.

மீனும் பானமும்

முதலில் அந்தப் பெண் எங்கே தவறினாள் என்பதைக் காண்போம். பிரெஞ்சில் பானத்துக்குப் ‘ப்வாஸோன்’ என்று பெயர். மீனுக்கும் ‘ப்வாஸோன்’ என்றே பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஒலித்தால் வேறு வேறு. ‘பால்’ என்று சொல்லும்போது உதட்டில் பிறக்கும் வல்லொலியை வைத்தால் அது மீன். ‘கம்பு’ என்று சொல்லும்போது மகரத்தின் பின் வருகின்ற மெல்லிய பகர ஒலியை முதலில் வைத்தால் அது பானம். இன்னும் ஓர் அபாயம் உண்டு. வல்லொலியில் தொடங்கி, நடுவிலுள்ள ‘ஸோ’ என்னும் எழுத்தைத் தேனீயின் ரீங்காரம் போல் அதிரச் சொன்னால், அது நஞ்சு என்று பொருள்படும்! பிரயாணியிடம் நஞ்சு வேண்டுமா என்று கேட்பதைக் காட்டிலும் மீன் வேண்டுமா என்று கேட்டது எவ்வளவோ மேல் என்று அந்தச் சகோதரி ஆறுதல் கொள்ளலாம்.

இவ்விஷயத்தில் தங்கவயல் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் பள்ளியில் கன்னடம் பயில்கின்றனர். கன்னட நெடுங்கணக்கில் பகர வரிசையின் முதல் எழுத்து மீனுக்கு உரியது. மூன்றாம் எழுத்து பானத்துக்கு உரியது. கடிதம் வந்த ஊரின் பெயரையே கன்னடத்தார் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள்: பேத்தமங்களா. அதன் முதல் எழுத்து எதுவோ அதுவே ‘பானம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து. தன் ஊர்ப் பெயரை நினைத்துக்கொண்டு பேசினால் அந்தப் பெண்ணுக்கு இந்தத் தவறு இனி வாராது.

மற்ற ஒலிகளையும் சுருங்கச் சொல்லிவிடுகிறோம்.

பிரெஞ்சின் தகரம் நம் தகரமே. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அதை டகரமாக்கிக் கெடுக்கின்றனர். ‘தாய்’ என்பதிலுள்ள வல்லொலி, ‘பந்து’ என்பதிலுள்ள மெல்லொலி ஆகிய இரண்டும் அங்கே உண்டு.

சொல்லின் இறுதியில் நாம் ‘ன்’ என்று எழுதும் இடங்களில் நாக்கு மேலே ஒட்டுதல் கூடாது. வீட்டுப் பேச்சில் ‘நான்’, ‘வந்தான்’ என்பவற்றை மூக்கால் முடிப்போமே, அதே ஒலிதான். இலக்கணமாகப் பேசுவோர்க்கு இது வாராது. வீட்டுத் தமிழ் பேசுவோர்க்கு எளிதில் வரும்.

‘யூ’ என்று நாம் எழுதுமிடத்தில், ஊகாரம் சொல்வதற்கு உதட்டைக் குவித்து, குவித்தபடியே ஈகாரம் சொல்லுக. ‘ஃஸ’ என்று எழுதுமிடத்தில் தேனீயின் ரீங்காரம் வேண்டும். ‘ஜ’ என்பதை நாக்கு மேலே இடியாதபடி குழைத்துச் சொல்க. ரகரம் தொண்டையில் பிறப்பது; அது வாராதவர் நம் ரகரத்தையே சொல்லலாம், எவருக்கும் விளங்கும்.

வாசகங்கள்

வணக்கம் சொல்லாமல் எதையும் தொடங்குதல் பிரெஞ்சுக்காரரிடம் பெரிய குறை. பகலில் “போன்ஜூர்”, மாலையில் “போன்ஸ்வார்” என்று சொல்லி, ஆடவராயின் “மெஸ்யே” என்றும், பெண்மணியாயின் “மதாம்” என்றும் சேர்த்துக்கொள்க. இவ்விரு வணக்கங்களின் முதலெழுத்தும் பேத்தமங்களாவின் எழுத்தே.

அடுத்தது கேள்வி: “க தெஃஸிரே வூ ப்வார்?” குடிக்கத் தாங்கள் விரும்புவது யாது? ‘ப்வார்’ என்பதற்குக் குடித்தல் என்று பொருள். இவ்வாறு கேட்டால் ‘ப்வாஸோன்’ என்ற சொல்லே வேண்டுவதில்லை. மீனுக்கும் நஞ்சுக்கும் இடமில்லை. அந்தச் சகோதரி இவ்வாசகத்தையே மனப்பாடம் செய்வாளாக. பக்கத்து ஆசனத்தாரிடம், “ஏ பூர் வூ, மதாம்?” என்றால் போதும், ‘அம்மையீர், தங்களுக்கு?’ என்று பொருள்.

வரும் விடைகளை அறிந்திருத்தல் வேண்டும். தண்ணீர் என்பது ‘ஓ’ என்னும் ஓரெழுத்துச் சொல். பேச்சில் அது ‘த லோ’ என்று வரும். ஒரு கோப்பைத் தண்ணீர் ‘அன் வேர் தோ’. அவர் தண்ணீர் கேட்டால் நாம், “ப்ளாத் ஊ கஃஸேஃஸ்?” என்று திரும்பக் கேட்க வேண்டும். சாதாரணத் தண்ணீரா, சோடா போல் பொங்கும் தண்ணீரா என்பது கேள்வி. பனிக்கட்டி வேண்டுமா என்று கேட்பதற்கு, “அவெக் ஊ ஸான் க்ளாஸோன்?” என்க. ‘அவெக்’ என்றால் உடன். ‘ஸான்’ என்றால் இன்றி.

பழச்சாறு ‘ஜ்யூ’. ஆரஞ்சுச் சாறு ‘ஜ்யூ தொரான்ஜ்’. ஆப்பிள் சாறு ‘ஜ்யூ த பொம்’. தக்காளிச் சாறு ‘ஜ்யூ த தொமாத்’. தரையில் தக்காளிச் சாற்றை ஏறிட்டும் பாராதவர் பலர், வானத்தில் அதை விரும்பிக் கேட்பதுண்டு.

காப்பி ‘கஃபே’. தேநீர் ‘தே’. இச்சொல்லைக் கண்டு வியக்க வேண்டாம். சீனத்தின் ஃபூஜியன் கடற்கரையாரின் சொல் கப்பலேறிப் பிரெஞ்சுக்கும் சென்றது, நம் தேயிலைக்கும் தேநீருக்கும் வந்தது. பாலும் சர்க்கரையும் வேண்டுமா என்பது, “அவெக் த்யூ லே ஏ த்யூ ஸ்யூக்ர்?”

திராட்சை மது ‘வேன்’. சிவப்பு மது ‘வேன் ரூஜ்’, வெள்ளை மது ‘வேன் ப்லான்’. ‘வேன்’ என்பதை வகரம் தேயப் ‘பேன்’ என்று சொல்லிவிட்டால் ரொட்டி வந்து சேரும்.

கொடுக்கும்போது, “வ்வாஸி” என்க. ‘இதோ’ என்பது பொருள். சூடான பானமாயின், “அத்தான்ஸ்யோன், ஸே த்ரே ஷோ” என்று எச்சரித்தல் கடமை. ‘கவனம், மிகச் சூடாய் இருக்கிறது’ என்பது அது. இவ்வாசகத்தை வேறெதற்கு முன்னும் கற்க வேண்டும் என்பது நம் கருத்து. ஆட்டம் கண்ட விமானத்தில் ஒரு கோப்பைக் காப்பி ஒருவர் தொடையைப் பொசுக்கிவிடக் கூடும்.

அவர் நன்றி சொன்னால், “ஜ வூ ஃஸான் ப்ரீ” என்று மறுமொழி கூறுக. காத்திருக்கச் சொல்ல, “அன் ஏன்ஸ்தான், ஸில் வூ ப்ளே.” கோப்பையை எடுத்துச் செல்லலாமா என்று கேட்க, “வூ ஃஸவே தெர்மினே?” அவர் பேசுவது விளங்காவிடில் நாணித் தலைகுனிய வேண்டாம். “ப்ல்யூ லான்தமான், ஸில் வூ ப்ளே” என்றால், ‘அருள்கூர்ந்து சற்று மெதுவாக’ என்று பொருள். “ஜ பார்ல் அன் பெ ஃப்ரான்ஸே”, எனக்குச் சிறிது பிரெஞ்சு தெரியும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

வழுக்குமிடங்கள்

நான்கு இடங்களில் புதியவர் வழுக்கி விழுகின்றனர்.

ஒன்று, ‘மெர்ஸி’. நன்றி என்று பொருள் என எல்லோரும் அறிவர். ஆயினும், நாம் ஒன்றை வேண்டுமா என்று கேட்கும்போது பிரெஞ்சுக்காரர் தலையை இலேசாக அசைத்து “மெர்ஸி” என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் ‘வேண்டாம், நன்றி’ என்றே பொருள். நம் வீடுகளில் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்துப் ‘போதும்’ என்பது போன்றது அது. வேண்டுமென்றால் “வீ, ஸில் வூ ப்ளே” என்றோ, “வொலோந்த்யே” என்றோ சொல்வார். மெர்ஸி கேட்டவுடன் ஊற்றத் தொடங்குதல் கூடாது.

இரண்டு, ‘ப்ல்யூ’. இன்னும் கொஞ்சம் என்று பொருள்படும் சொல்லும், இனி இல்லை என்று பொருள்படும் சொல்லும் எழுத்தில் ஒன்றே. ஈற்றில் ஸகரத்தை ஒலித்தால் மிகுதி. ஒலிக்காமல் “இல் நியான் ஆ ப்ல்யூ” என்றால் தீர்ந்துவிட்டது. ஆகவே, இன்னும் வேண்டுமா என்று கேட்பதற்கு அச்சொல்லையே விட்டு, “ஆன்கோர்?” என்று கேட்பது நலம். தீர்ந்துவிட்டதை அறிவிக்கும்போது “ஜ ஸ்வி தெஃஸோலே”, வருந்துகிறேன் என்று முன்னே சேர்த்துக்கொள்க.

மூன்று, ‘லிகேர்’. பிரான்சில் இது இனிப்பான மதுவகை. கெபெக்கில் வயதானவர் பலர் சோடா, கோலா போன்றவற்றையே அப்பெயரால் கேட்பர். கனடாக்காரக் கிழவி ஒருத்தி ‘லிகேர்’ கேட்டாள் என்று மதுப்புட்டியைத் திறந்துவிட வேண்டாம். எது வேண்டும் என்று காட்டச் சொல்க.

நான்கு, ‘த்யூ’வும் ‘வூ’வும். முன்னது நீ, பின்னது தாங்கள். இவ்வேற்றுமையைக் கற்க ஆங்கிலேயர் பாடுபடுகின்றனர். நாமோ பால்குடி மறக்குமுன்னே கற்றவர்கள். பிரயாணி எவராயினும் ‘வூ’ என்றே சொல்க. சிறு குழந்தையிடம் மட்டும் ‘த்யூ’ பொருந்தும்.

ஒரு கோப்பைச் சோடாவும் உச்ச நீதிமன்றமும்

“இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா, கையைக் காட்டிச் சமாளித்தால் ஆகாதா?” என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. 2000-ஆம் ஆண்டு கனடாவில், மொந்திரியாலிலிருந்து ஒட்டாவாவுக்குச் சென்ற ஏர் ஒன்டாரியோ விமானத்தில் ஒரு பிரயாணி பிரெஞ்சு மொழியில் செவன்-அப் கேட்டார். பணியாளர்க்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். பிரெஞ்சில் சேவை பெறுவது தம் சட்ட உரிமை என்று பிரயாணி வாதாடினார். விஷயம் நீதிமன்றம் ஏறியது. கனடாவில் 1969 முதல் மொழிச் சட்டம் உண்டு. ஏர் கனடா நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டது. 2009-இலும் அதே பிரயாணிக்கும் அவர் மனைவிக்கும் வேறு விமானங்களில் பிரெஞ்சுச் சேவை கிட்டவில்லை. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2014 அக்டோபரில் முடிந்தது. சர்வதேச விமானப் பயணம் பற்றிய மொந்திரியால் உடன்படிக்கை இடம் தராமையால் அப்பயணங்களுக்கு நஷ்டஈடு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எனினும் மொழிக் கடமை மீறப்பட்டதை எவரும் மறுக்கவில்லை. கர்நாடகத்தில் நான்கு தலைமுறையாகத் தமிழைக் காத்து வாழும் நமக்கு அந்தப் பிரயாணியின் மனம் விளங்காமற் போகாது. தாகமெடுத்த வேளையில் தன் மொழியில் ஒரு சொல் கேட்பது எத்தகைய இன்பம் என்பதை வெளியூர் சென்ற தமிழர் எவரும் அறிவர்.

பாட்டிக்கு மறுமொழி

இனி, வீட்டுப் பெரியவரின் மறுப்புக்கு வருகிறோம். அதை நாம் இகழவில்லை. மதுவால் சம்பளம் வீடு சேராத நாட்களைக் கண்ட தலைமுறை அவர்களுடையது. சுரங்க லயன்களில் வாழ்ந்த பெண்கள் மதுவை வெறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும், விமானப் பணியின் முதற் கடமை பானம் வழங்குதல் அன்று என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 1930-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்த எல்லன் சர்ச் என்பவர் மருத்துவத் தாதி. இன்றும் பணியாளரை அமர்த்துவது ஆபத்து வேளையில் கதவைத் திறந்து பிரயாணிகளை வெளியேற்றவும், நெருப்பை அணைக்கவும், மூர்ச்சித்தவர்க்கு முதலுதவி செய்யவும்தான். ஆசனங்கள் ஐம்பதுக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்ற விதியும் அதனால் ஏற்பட்டதே. 1986 செப்டம்பர் 5-ஆம் நாள் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பிரயாணிகளைக் காக்க உயிர் கொடுத்த நீரஜா பனோட் அம்மையாருக்கு அசோக சக்கரம் வழங்கியது நம் அரசு. அவரும் அன்று பானம் வழங்கவேண்டிய பணிப்பெண்ணே.

மேலும், வானத்தில் பானம் வழங்குவது உபசாரம் மட்டுமன்று. விமானத்தின் உள்ளே காற்று உதகமண்டலத்து உயரத்தில் இருப்பது போல் மெலிந்திருக்கும்; ஈரம் மிகக் குறைவு. நீண்ட பயணத்தில் நாவும் தொண்டையும் வறளும். முதியவர்க்கும் குழந்தைகட்கும் அடிக்கடி தண்ணீர் கொடுப்பது ஒருவகை மருத்துவமே. அளவு மீறியவர்க்கு மதுவை மறுக்கும் பொறுப்பும் அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கிறது. மது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அன்று லயனில் இருந்த எந்த மனைவிக்குக் கிட்டியது?

பேத்தமங்களாவின் பெரியவருக்கு இன்னொன்றும் நினைவூட்டுவோம். அவ்வூர் ஏரிதான் தங்கவயலின் குடிநீர். பூமிக்கு அடியில் வெந்து மேலே வந்த நம் தொழிலாளர் குடித்தது பாலாற்றைத் தேக்கிய அந்த ஏரித் தண்ணீரை. நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, பேத்தமங்களாவில் நின்று, பின் நம் முன்னோரின் வட ஆற்காட்டு மண்ணுக்கே ஓடும் ஆறு அது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்ததால் அவ்வூர் பெருமை பெற்றதே அன்றிச் சிறுமை அடையவில்லை. அவ்வூர்ப் பெண் ஒருத்தி வானத்தில் ஒருவருக்கு ‘த லோ’ கொடுப்பதும் அவ்வழி வந்ததே.

பயிற்சி

அந்தச் சகோதரிக்கும் அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகட்கும் நம் யோசனை இது. மேற்கண்ட வாசகங்களைப் புத்தகம் போல் படிக்க வேண்டாம். அடுக்களையிலிருந்து ஒரு தட்டும் நான்கு தம்ளர்களும் எடுத்துக்கொண்டு, வீட்டாரை வரிசையாக அமர்த்துக. தந்தையார்க்கு வணக்கம் சொல்லிக் கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் ‘த லோ’ என்றோ ‘கஃபே’ என்றோ விடை சொல்ல வேண்டும். பாட்டியார்க்குத் தேநீர் கொடுத்து, “ஸே த்ரே ஷோ” என்று எச்சரிக்க வேண்டும். தம்பி “மெர்ஸி” என்று மட்டும் சொல்லி ஏமாற்றட்டும். அவனுக்கு ஊற்றாமல் நகர வேண்டும். நாள்தோறும் கால் மணி நேரம் இவ்வாறு செய்தால் ஒரு திங்களில் நா பழகிவிடும். பெங்களூர் செல்லும் ரயிலிலும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கலாம். முறையாகக் கற்க விரும்புவோர்க்குப் பெங்களூர் வசந்தநகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் கழகம் இருக்கிறது.

தேர்வில் தவறிய சொல்லுக்காக மீண்டும் வருந்த வேண்டாம். அதே கேள்வி மறுபடியும் வந்தால், “முன்பு ஒருமுறை மீன் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன், இப்போது கற்றுக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டு, “க தெஃஸிரே வூ ப்வார்?” என்று கேட்பாளாயின், அன்றும் அறையில் நகைப்பு எழலாம், அந்த நகைப்பில் அவளும் கலந்துகொள்ளலாம். தேர்வின் முடிவை அவ்வம்மையார் நமக்கு எழுதுவாராக. எதுவாயினும் அறிய ஆவலாய் இருக்கிறோம்.

அடுத்த இதழில் உணவு வழங்கும்போது பேசும் வாசகங்களைக் காண்போம். மீன் அங்கே தன் சரியான இடத்தில் வரும்.